இரவல் தூக்கம்

யுகேந்திரன் இதுவரை தூங்கி விழுந்த இடங்களைத் தொகுத்தால் கோயம்புத்தூருக்கு ஒரு நல்ல சுற்றுலாக் கையேடு தேறும். மருதமலை அடிவாரத்து மோர்க்கடை. காந்திபுரம் மெட்ரோவின் நகரும் படிக்கட்டு. உக்கடம் குளக்கரையில் பறவை பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் மடக்கு நாற்காலி. ஒரே மகள் ஆதினியின் நிச்சயதார்த்தத்தில் வருங்காலச் சம்பந்தியின் தோள். சம்பந்தி நல்ல மனிதர். பாசத்தில் சாய்ந்துவிட்டார் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார். தட்டத் தட்ட இவர் இன்னும் சொகுசாகத் தூங்கினார்.

கடைசியாகச் சேர்ந்தது சொந்தச் சமையலறை ஸ்டூல். பரணிலிருந்து இட்லிக் குண்டானை எடுக்க ஏறினார். குண்டானைத் தொட்டது நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது குண்டான் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. வலது மணிக்கட்டு, மனிதக் கை வளையக் கூடாத ஒரு திசையில் வளைந்திருந்தது.

“நின்னுட்டே தூங்கறது குதிரைக்கு மட்டும்தான் வரும்னு நினைச்சேனுங்க” என்றார், மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டரிடம்.

எலும்பு டாக்டர் சிரிக்கவில்லை. யுகேந்திரனின் இடது மேற்கையைத் தடவிப் பார்த்தார். தோலுக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்டது.

“இதம்கிற மருந்துக் குப்பி உள்ளே வெச்சிருக்கீங்களா? முதல்ல உங்க மனநல டாக்டரைப் போய்ப் பாருங்க. எலும்பை நான் எத்தனை தடவை வேணா ஒட்டுவேன். நீங்க விழறதை என்னால நிறுத்த முடியாது.”

பழைய மனநல டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார்: “தூக்கம் நல்லா வருதா?” அந்தத் தேர்வில் யுகேந்திரன் எப்போதும் நூற்றுக்கு நூறு. இப்போது அந்த நாற்காலியில் டாக்டர் பெனாசிர் இருந்தார். முப்பது வயதுக்கு மேல் இராது. கேள்விகள் அதிகம் வைத்திருந்தார்.

“ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க சார்.”

“ஆரம்பத்துல நான் ஒரு மேதைங்க டாக்டர்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சிந்துஜா கூரையைப் பார்த்தாள்.

“பம்ப்செட் டிசைன் பண்ற எஞ்சினியர் நான். ஒரு வைகாசி மாசம் தூக்கம் போச்சு. தூக்கம்கிறது சாதாரண ஜனங்களுக்குன்னு முடிவு பண்ணிட்டேன். நிலாவுக்குத் தண்ணி ஏத்தற பம்ப்புக்கு வரைபடம் போட்டு முதலாளிகிட்ட காட்டினேன். எத்தனை ஹெச்.பி. மோட்டார்னு கேட்டாரு. பொறாமையில கேக்கறாருன்னு நினைச்சு ராஜினாமா பண்ணிட்டேன். அப்புறம் அப்பார்ட்மென்ட் பால்கனி பூரா தேனீப் பெட்டி வெச்சேன். தேனீங்க எல்லாம் எங்கிட்ட மனசுவிட்டுப் பேசும். அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட மட்டும் பேசலை. கொட்டிருச்சு.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிந்துஜாவுக்கு வரவில்லை.

“கோத்தகிரி ரோட்டையும் சொல்லுங்க” என்றாள்.

யுகேந்திரன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அவரிடம் அந்தக் கதைக்கு மட்டும் நகைச்சுவை எதுவும் இல்லை. சிந்துஜாவே சொன்னாள்.

“ஆதினிக்கு அப்போ பதினோரு வயசு. தூங்கிட்டிருந்த புள்ளையை எழுப்பி, பைக்ல முன்னாடி உட்கார வெச்சுட்டு மலை ஏறிட்டாரு. ஹெட்லைட்டை அணைச்சுட்டு. நிலா வெளிச்சமே போதும்னாராம். செக்போஸ்ட் போலீஸ்காரர் கூப்பிட்டுச் சொன்னாரு. நான் போனப்போ புள்ள நைட்டியோட ஒரு பெஞ்சுல உட்கார்ந்து நடுங்கிட்டிருந்தா. இவர் அந்தப் போலீஸ்காரருக்குத் தேனீ வளர்ப்பு பத்திச் சொல்லிட்டிருந்தாரு.”

டாக்டர் பழைய கோப்பைப் புரட்டினார். பிறகு, “அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. இருமுனைக் கோளாறுன்னு கண்டுபிடிச்சு லித்தியம் ஆரம்பிச்சாங்க. மனசு எகிறியிருந்த அந்த ஒரு மாசத்தைச் சமாளிக்க, தூக்க மருந்துக்காக இதம் குப்பி. சரிதானே?” என்றார்.

“ஆமாங்க.”

“அந்த ஒரு மாசம் பதின்மூணு வருஷம் ஆயிருக்கு. ஏன் யாரும் எடுக்கலை?”

“நல்லா இருந்தாருங்க” என்றாள் சிந்துஜா. “நல்லா இருக்கறப்போ எதுக்குத் தொடணும்?”

“எல்லா வீட்டுலயும் இதே பதில்தான் சொல்றாங்க. மேடம், அவர் மனசை இத்தனை வருஷம் பிடிச்சு வெச்சது லித்தியம் மாத்திரை. இந்தக் குப்பி வெறும் தூக்கம்தான். வருஷக்கணக்கா உள்ளே போனா ஞாபகம் மங்கும், கால் தள்ளாடும், விழுவாங்க.”

“ஞாபகத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க” என்றார் யுகேந்திரன். “ஆதினி காலேஜ் போன நாலு வருஷம் எனக்கு ஒரு ட்ரெய்லர் மாதிரிதான் தெரியுது. படத்தை நான் பார்க்கவே இல்லை.”

டாக்டர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையில் மலைத்தொடர் போல ஒரு கோடு.

“இது உங்க குப்பி மருந்து விட்ட கணக்கு. எப்பவும் கொஞ்சம் கசிஞ்சிட்டிருக்கும். நடுநடுவுல இப்படி உச்சிக்குப் போகுது பாருங்க, அது கூடுதல் மருந்து. எல்லாம் வேலை நாள். காலையில ஏழுல இருந்து மத்தியானம் மூணுக்குள்ள. ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் சமதரை. அந்த நேரத்துல நீங்க என்ன சார் பண்ணுவீங்க?”

“வெங்காயம் உரிப்பேன். சீரியல் பார்ப்பேன். கண்ணீர் வரும், ஆனா எதுக்காகன்னு உறுதியாச் சொல்ல முடியாது.”

“அது போதாது. மேடம், உங்க வளையலைக் கொஞ்சம் காட்டுங்க.”

சிந்துஜா கையை நீட்டினாள். இதத்தோடு கூடவே வந்த வளையல் அது. பார்க்க ஐம்பொன் வளையல் மாதிரியே செய்திருந்தார்கள். அதில் கடுகளவு விளக்கு. சிவப்பு எரிந்தால் அவருக்கு வியாதி கிளம்புகிறது, பச்சை எரிந்தால் அடங்கிவிட்டது என்றுதான் இரண்டு பேரும் புரிந்துவைத்திருந்தார்கள்.

“சிவப்பு எரியறது அவருக்கு இல்லை, உங்களுக்கு” என்றார் டாக்டர். “இது உங்க நாடியைப் பார்க்குது.”

“எனக்கா? எனக்கு என்ன வியாதி?”

“ஒண்ணும் இல்லை. மனசு எகிறி இருக்கறவங்க உடம்பை மட்டும் பார்த்தா மெஷினுக்குச் சந்தோஷமா இருக்கறவங்க மாதிரிதான் தெரியும். கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. முதல்ல கண்டுபிடிக்கறது கூட இருக்கறவங்கதான். அதனால அந்தக் கம்பெனிக்காரங்க ஒரு குறுக்குவழி கண்டுபிடிச்சாங்க. பொண்டாட்டி நாடி பதறினா புருஷனுக்கு ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். உடனே குப்பி திறக்கும். வீட்டுல அவர்கூட இருக்கும்போது மட்டும் போடணும். வெளியே போனா கழட்டி வெச்சிடணும். சொன்னாங்கதானே?”

“கழட்டறதா?” சிந்துஜா கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். “பழைய டாக்டர் என்ன சொன்னாரு தெரியுங்களா? இது உன் கையில இருக்கற வரைக்கும் உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாதும்மான்னாரு. குளிக்கறப்போகூடக் கழட்டினதில்லை. வெள்ளிக்கிழமை தாலிக்கு வெக்கற மஞ்சள் குங்குமம் இதுக்கும் வெச்சுட்டுத்தான் இருக்கேன்.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “இதை எங்கேயோ ஒரு நாட்டுல உட்கார்ந்து டிசைன் பண்ணினவனுக்கு நம்ம ஊர்ப் பொம்பளைங்களைத் தெரியலை. இதே ஊர்ல ஒரு அம்மா பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். பரீட்சை முடிவு வர்ற அன்னைக்கெல்லாம் அவங்க வீட்டுக்காரரை எழுப்பவே முடியாது. கம்பெனிக்கும் தெரியாம இருக்காது. குப்பி சீக்கிரம் காலியானா அவங்களுக்கு நல்லதுதானே. சரி, நீங்க எங்கே வேலை பார்க்கிறீங்க?”

சிந்துஜா வளையலை மறு கையால் மூடிக்கொண்டாள்.

“நீலம்பூர் பக்கம் ட்ரோன் டிப்போவுல. போக்குவரத்துக் கட்டுப்பாடு. காலை ஷிஃப்ட்.”

“டென்ஷனான வேலையா?”

“ரெண்டு பார்சல் ட்ரோன் முட்டிக்கப் பார்க்காத நாளே இல்லைங்க.”

முதலில் சிரித்தது யுகேந்திரன்தான். மாவுக்கட்டு மேசையில் இடிக்கும்வரை சிரித்தார்.

“அப்போ நீலம்பூர்ல ட்ரோன் தடுமாறினா பீளமேட்டுல நான் குறட்டை! ஏன் சிந்து, போன ஆடி மாசம் பூரா நான் கட்டிலை விட்டு எந்திரிக்கவே இல்லையே?”

“ஆடிக் காத்துல எல்லா ட்ரோனும் பட்டம் மாதிரி ஆடுச்சுங்க” என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

“நான் ஸ்டூல்ல ஏறின அன்னைக்கு?”

“பெரிய ஆபீசர் திடீர்னு இன்ஸ்பெக்ஷன் வந்துட்டாரு.”

அவர் சிரித்து முடிக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஒவ்வொரு நாளும் அவள் வேலை முடிந்து வரும்போது அவர் எங்காவது சுருண்டு கிடந்து எழுந்திருப்பார். எழுந்ததும், “மன்னிச்சுக்கோ சிந்து, இன்னைக்கும் வியாதி தலைதூக்கிருச்சு” என்பார். பதின்மூன்று வருடமாக ஒரு டிப்போவின் போக்குவரத்து நெரிசலுக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்டர் வழி சொன்னார். குப்பியைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். கசிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு வருடத்தில் நிறுத்தலாம். லித்தியம் தொடரும். ஆனால் கூடுதல் மருந்து போய்க்கொண்டே இருந்தால் குறைப்பதில் அர்த்தமே இல்லை.

“வளையலைக் கழட்டணும். அது மேடம் கைரேகைக்குத்தான் திறக்கும். நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா அடுத்த தடவை விழறப்போ கையோட போகாது. தலையில அடிபடும்.”

“யோசிச்சுச் சொல்றேனுங்க” என்றாள் சிந்துஜா.

யோசித்தாள். ஒரு வாரம் போனது. வளையல் கையிலேயே இருந்தது.

யுகேந்திரன் பேச்சை எடுத்துப் பார்த்தார். முதல் தடவை சாப்பிடும்போது. “அதைக் கழட்டறதைப் பத்தி...” என்று தொடங்கினார். அவள் முகம் சிவந்தது, விளக்கும் சிவந்தது. கண் திறந்தபோது சட்டையில் ரசம் காய்ந்திருந்தது. இரண்டாம் தடவை புத்திசாலித்தனமாகப் படுக்கையில் படுத்துக்கொண்டே பேச்சை எடுத்தார். விழுந்து அடிபடவில்லை, அவ்வளவுதான் லாபம்.

அப்பார்ட்மென்ட்டில் அவருக்குப் பொறுமைசாலி என்று பெயர். “உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை” என்று எதிர்வீட்டு அம்மாள் சிந்துஜாவிடம் அடிக்கடி பொறாமைப்படுவாள். அந்தப் பொறுமையின் லட்சணம் இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. பதின்மூன்று வருடத்தில் அவர்கள் ஒரு சண்டையைக்கூட முடித்ததில்லை. அவள் தொடங்குவாள், இவர் தூங்கிவிடுவார். ஒரு பக்கம் மட்டும் ஆடிய ஆட்டத்தில் இவருக்குக் கோப்பை கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து, சிந்துஜா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யுகேந்திரன் எச்சரிக்கையாகத் தரையில் பாய் விரித்து, தலையணை வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எதுக்குங்க பாய்?”

“பேசலாம்னு.”

“வேண்டாங்க.”

“சிந்து, எனக்குத் தூங்கித் தூங்கி அலுத்துப்போச்சு. ஆதினி கல்யாணத்தையாவது முழுசாப் பார்க்கணும்.”

“நீங்க தூங்கிட்டே இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? நீங்க முழிச்சிருந்த கடைசி நாள் என்ன பண்ணினீங்கன்னு மறந்துட்டீங்களா? உங்களுக்கு எல்லாமே ஜோக். நிலா பம்ப்பு, தேனீன்னு ஊருக்கே சொல்லிச் சிரிக்கறீங்க. அந்த மலை ரோட்டை என்னைக்காவது சொல்லிருக்கீங்களா? பதின்மூணு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். அத்தனை கொண்டை ஊசி வளைவுல, லைட் இல்லாம, முன்னாடி நம்ம புள்ள உட்கார்ந்திருக்கா. உங்களுக்குப் பயமாவே...”

விளக்கு சிவந்தது. யுகேந்திரனின் நாக்கு தடித்தது. தலையணை தானாகவே மேலே எழுந்து வருவது போல இருந்தது.

“தூங்காதீங்க!” என்று அவள் கத்துவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. “இன்னைக்குத் தூங்கக் கூடாது! பதில் சொல்லிட்டுத் தூங்குங்க!”

கண் மூடுவதற்கு முன் அவர் பார்த்தது, அவள் கீரைக் கறை படிந்த கட்டைவிரலை வளையலில் அழுத்துவதை. பிறகு ஏதோ உலோகம் தரையில் உருண்டோடும் சத்தம்.

எழுந்தபோது வெயில் ஜன்னலுக்கு இறங்கியிருந்தது. சிந்துஜா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டில் வெளுத்த ஒரு வட்டம். கீரை மொத்தமும் ஆய்ந்து முடித்து, காம்புகளையும் துண்டு துண்டாகக் கிள்ளிப் போட்டிருந்தாள்.

“சொல்லுங்க” என்றாள். “பயமா இல்லையா?”

ஒரு நகைச்சுவை வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

“இல்லை சிந்து. பயமே இல்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததில்லை. ஆதினி சிரிக்கறான்னுதான் நினைச்சேன். அவ அழுதுட்டிருந்தான்னு அந்தப் போலீஸ்காரர் சொன்னப்பகூட நான் நம்பலை. அதுதான் எனக்கு இப்போ பயம். அந்தச் சந்தோஷம் திரும்பி வந்தா எனக்குத் தெரியாது. வெளியில இருக்கற உனக்குத்தான் தெரியும்.”

அவள் அழுதாள். பிறகு திட்டினாள். கோத்தகிரியில் தொடங்கி, ராஜினாமா, செக்ரட்டரியின் வீங்கிய மூக்கு, ஆதினியின் பள்ளி விழாக்களுக்கு அவள் தனியாகப் போய் நின்றது என்று ஒவ்வொன்றாக வந்தது. யுகேந்திரன் எல்லாவற்றையும் கேட்டார். சிலதற்கு எதிர்த்தும் பேசினார். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

விளக்கேற்றும் நேரத்தில் ஒரு ஒப்பந்தம் ஆனது. சிந்துஜா “கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்” என்று சொன்னால், ஏன், எதற்கு, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை பேசாமல் அவர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதங்கள் நரகம் என்று சொல்லலாம். ஆனால் நரகத்தில் இருப்பவர்களுக்குக் கை இப்படி நடுங்குமா என்று தெரியவில்லை. காபி டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டைக்குப் போனது. தூக்கம் கதவு வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. ஒருமுறை பால்கனிக்குச் சொட்டுநீர் பாய்ச்சும் ஒரு சின்ன பம்ப்பு தோன்றியது. உடனே, “சிந்து, இது அளவான யோசனையா, பெரிய யோசனையா?” என்று அவளிடம் கொண்டுபோய்க் காட்டினார். “ரெண்டு தொட்டிக்குத்தானே? அளவுதான்” என்று அவள் அனுமதி கொடுத்தாள். ஒரே ஒருமுறை “கிளம்புங்க” என்றாள். செருப்பை மாட்டினார். டாக்டர் லித்தியத்தைச் சற்று ஏற்றினார், அவ்வளவுதான்.

குப்பியின் கசிவு பாதியானபோது புதிதாக ஒரு சிக்கல். இளைத்துக்கொண்டே போனது யுகேந்திரன் இல்லை. சிந்துஜா.

“இவ ராத்திரி தூங்கறதே இல்லீங்க டாக்டர்” என்றார். “நான் புரண்டு படுத்தா எழுந்து உட்கார்ந்துக்கறா.”

டாக்டர் அவளிடம் கேட்டார். “முன்னாடி எப்படித் தூங்குவீங்க?”

“இவர் தூங்கினதும் பச்சை எரியுங்க. அதைப் பார்த்தா போதும், மனசு அடங்கிடும். டிப்போவுல எவ்வளவு பதட்டமா இருந்தாலும் பச்சையைப் பார்த்துட்டா சரியாயிரும். இப்போ பார்க்க ஒண்ணும் இல்லை. இவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கு. இவர் முழிச்சிட்டிருக்காரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அவருக்கு மருந்து குப்பியில இருந்து வந்துச்சு மேடம். உங்களுக்கு அவர் தூக்கத்துல இருந்து வந்திருக்கு. பதின்மூணு வருஷமா நீங்களும்தான் எடுத்துட்டிருந்திருக்கீங்க.”

“அப்போ எனக்கும் நிறுத்தணுமா?”

“சட்டுனு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா.”

இப்படித்தான் யுகேந்திரன் மனைவியின் தூக்கத்துக்கு மருந்தாகவே ஆனார். சிந்துஜா டிப்போவிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் அவர் தூங்குவது போல நடிக்க வேண்டும். அடுத்த மாதம் முக்கால் மணி. பிறகு அரை. கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, குறட்டையும் சேர்த்தார். தன் குறட்டை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, அதனால் பழைய டீசல் மோட்டார் ஒன்றைப் பாவனை செய்தார். இரண்டாம் நாளே, “கொஞ்சம் ஓவரா இருக்குங்க” என்று சமையலறையிலிருந்து விமரிசனம் வந்தது. நடிப்பு என்று தெரிந்தேதான் பார்த்தாள். இருந்தும் பலித்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் மெல்ல மெல்ல நிதானமாவதைப் படுத்தபடியே கேட்பார்.

தை மாதத்தில் ஒருநாள் அவர் வழக்கம்போலப் படுத்தார். கண் திறந்தபோது சிந்துஜா கட்டில் ஓரத்தில் இருந்தாள். டிப்போ சீருடைகூட மாற்றவில்லை.

“எப்போ வந்தே?”

“ரொம்ப நேரமாச்சு. இன்னைக்கு நடிக்க வேண்டாம், எந்திரிச்சு வாங்கன்னு சொல்லத்தான் வந்தேன். பார்த்தா நிஜமாவே தூங்கறீங்க.”

குப்பியில் அப்போது மருந்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அது அவருடைய சொந்தத் தூக்கம்.

“பயந்துட்டியா?”

“பயந்தேன். மூக்குல விரல் வெச்சுப் பார்த்தேன். அப்புறம், நான் இவ்வளவு பயந்தும் உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.”

“சரி, நகரு. காபி போட்டுட்டு வர்றேன். கை இப்போ நடுங்கறதில்லை.”

“போடுங்க” என்று சொல்லி, அவர் எழுந்துபோன இடத்துச் சூட்டிலேயே அவள் தலையைச் சாய்த்தாள்.

அவர் இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது சிந்துஜா தூங்கிவிட்டிருந்தாள். அறைக்குள் காலடி கேட்டும் எழவில்லை. அவர் டம்ளரை மேசையில் வைத்த சத்தத்துக்கும் எழவில்லை. பிறகு, எந்த டீசல் மோட்டாரும் வெட்கப்படும்படியாக ஒரு குறட்டை கிளம்பியது.

யுகேந்திரன் திகைத்துப்போய் நின்றார். ராத்திரியெல்லாம் குறட்டைச் சத்தம் என்று குறைப்படும் எதிர்வீட்டு அம்மாளிடம் ஒவ்வொரு தடவையும் காலையில் போய், “என் குறட்டைதாங்க, மன்னிச்சுக்கோங்க” என்று கும்பிட்டது அவர்தான். இவள் தூங்கும்போது அவர் முழித்திருந்தால்தானே தெரியும்!

எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு டம்ளர் காபியையும் அவரே குடித்துவிட்டு, அவள் எழுந்திருக்கும்வரை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.